பிக்கப்பின் பின்தொட்டியில் முனியாண்டி

கோழி எருவின்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் முன்பகை என்று எழுதிவிடக் கூடாது. எரு தன் வேலையைச் செய்கிறது. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தோளில் சுமப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

காளிமுத்து மாமா என் அம்மாவின் தம்பி. அலோர் காஜா பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் எருவை மூட்டை கட்டி, தன் பழைய கறுப்பு பிக்கப்பில் ஏற்றி, செலண்டாரில் சிறு தோட்டக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் வீட்டுச் சோறு அதிலிருந்துதான். நான் காலேஜிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், ஞாயிறு விடிந்ததும் வாசலில் ஹாரன் கேட்கும்.

"மருமவனே, வா லா! சாமான் காத்துக்கிட்டு இருக்கு."

மாமாவிடம் முடியாது என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒரு வார்த்தை கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்த நிலையில்தான் மாமாவுக்கு வண்டியை அழகு பார்க்கும் ஆசை வந்தது. நிறம் மாற்றினால் ஜேபிஜே போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய வேண்டும்; அதனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும், ஆனால் மினுங்கக் கூடாது, கதவுகளில் தீ எரிய வேண்டும் என்றார். பாயா ரும்புட்டில் ஸ்ப்ரே கடை வைத்திருக்கும் தனேஷ் என் நண்பன். எனக்கும் படம் வரைய வரும். "நம்ம பையன் கையாலயே ஆவட்டும்" என்று மாமா சாவியைக் கொடுத்தார். அந்த நம்பிக்கையை நான் இன்றும் மதிக்கிறேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. துருவைச் சுரண்டினோம், தண்ணீர் தொட்டு சேண்ட் பேப்பரால் தேய்த்தோம், பள்ளங்களுக்குப் பட்டி வைத்தோம், கண்ணாடிகளைப் பழைய பேப்பரால் மூடினோம், பிரைமர் அடித்துக் காயவிட்டோம். கதவுகளில் தீ நன்றாகவே பிடித்தது. பிறகு நான் பின்தொட்டியில் ஏறி, அதன் தரை முழுவதும் முனியாண்டி சாமியை வரைந்தேன்.

தொட்டித் தகடு வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். மீசை கோணாமல் வருவதற்கு மிகவும் சிரமப்பட்டேன். கையில் அரிவாள், வாயில் சுருட்டு. கண்ணைக் கடைசியில் திறந்தேன்.

தனேஷ் எட்டிப் பார்த்தான். "டேய், இதுமேலயா மூட்டைய ஏத்துவாரு?"

"ஏத்த மாட்டாரு" என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "நீ ரொம்ப கெட்டவன்டா" என்று சொல்லிவிட்டு மேல்பூச்சுக்குக் கிளியர் கலக்கப் போனான். இருப்பதிலேயே நல்ல ரகத்தில் அடித்தோம். சீக்கிரம் உரிந்துபோகிற சாமியை மாமாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா வந்தார். தீயைப் பார்த்துச் சிரித்தவர், தொட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"யார்ரா உன்ன இத போடச் சொன்னது?"

"அவருதான் மாமா. கனவுல வந்தாரு."

"வந்து?"

"முன்னாடி உக்காருங்க சாமின்னேன். ஏசி ஒத்துக்காதுன்னுட்டாரு. பின்னால காத்தாட இருக்கேன்னாரு."

மாமாவின் கண் கலங்கியது. "சுருட்டு கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேப்பாரு" என்று தலையாட்டினார்.

கனவு எதுவும் வரவில்லை. மீசைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த வாரம் நான் தூங்கியதே குறைவு.

அதன்பிறகு பிக்கப்பில் மூட்டை ஏறவில்லை. மாலை ஏறியது, எலுமிச்சம்பழம் ஏறியது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர்கள் மேலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மழை வந்தால் மாமா ரோட்டோரம் நிறுத்தி, தான் நனைந்துகொண்டு சாமிக்குக் குடை பிடித்தார். செலண்டார்க்காரர்கள் எருவுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மாமா இப்போது ஒரு தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நிற்கிறார். சீருடை அவருக்குக் கொஞ்சம் பெரிது. நான் ஞாயிறுகளில் நன்றாகத் தூங்குகிறேன்.

அவர் மனைவி மலர்க்கொடி அத்தைக்கு மட்டும் சந்தேகம். "ஏன்டா, அந்தச் சாமிக்கு ஊர்ல வேற வண்டியே கெடைக்கலயா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. "சாமி இஷ்டம், அத்த" என்றேன்.

போன சனிக்கிழமை மாமா வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மருமவனே, மறுபடி கனவுல வந்தாருன்னா கொஞ்சம் கேட்டுப் பாரேன். வாரத்துல ரெண்டு நாளு மட்டும் எறங்கி இருப்பாரான்னு. கோயில்ல எடம் சொல்லி வச்சிருக்கேன். உங்க அத்த பாவம்டா."

ஒரு வார்த்தை போதும், மாமாவுக்குத் தொழில் திரும்பிவிடும். அன்று நான் உண்மையிலேயே யோசித்தேன். அவர் வயதில் மூட்டை தூக்கினால் இடுப்பு என்னாவது, அந்த நாற்றம் நுரையீரலை என்ன செய்யும் என்று, அவருடைய நலம்தான் என் கண்முன் நின்றது. மறுநாள் நிதானமாக எழுந்து, காபி குடித்துவிட்டு போன் செய்தேன்.

"கேட்டேன் மாமா. சௌகரியமா இருக்காம். எறங்கறதா இல்லையாம்."

"சரிடா. அவரு நல்லா இருந்தா போதும்" என்றார்.

ஆகவே, செய்தது நான்தான். மாமாமேல் உள்ள அக்கறையில் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தை தன் வளையல்களை விற்று, எருவுக்கென்றே ஒரு பழைய லாரி பேசி வைத்திருக்கிறாராம். நேற்று போய் அதன் தொட்டியை அளந்துவிட்டு வந்தேன். மதுரை வீரன் குதிரையோடு தாராளமாக நிற்கலாம். சும்மா அளந்துதான் பார்த்தேன்.