முதல் டிரிப்

எலுமிச்சம்பழ வாசம் எனக்குப் பிடிக்கும், சார். சித்ரா எங்கள் ஜீப்பில் ஏறத் தொடங்கும்வரை பிடித்தது.

எங்கள் தேயிலை எஸ்டேட் டிவிஷனுக்குப் பஸ் கிடையாது. சுடலைமணி அண்ணனின் ஜீப்தான். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே வளைவில் நின்று ஹாரன் அடிப்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஓடிப்போய் ஏறுவோம். இடம் இல்லையென்றால் மடியில் உட்காருவோம். யாரும் விடுபட்டதில்லை. பிறகு மூணாற்றில் வண்டியைப் பிடித்து அபராதம் போட்டார்கள். இனி இத்தனை பேர்தான் என்றானது. எங்களில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இடம் பற்றவில்லை. அந்தப் பிள்ளை யார் என்று தினமும் சண்டை.

தீர்த்தது நான். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். ஒரு வெப்சைட் செய்தேன். நாளை யார் காத்திருந்து இரண்டாவது டிரிப்பில் வரவேண்டும் என்பது முந்தின மாலையே எல்லா வீட்டுப் போனுக்கும் போய்விடும். முறை சுழலும். யானை நிற்கும் இடத்தை வனக்காவலர்கள் அறிவித்தால் என் போனுக்கு வரும். நான் அண்ணனிடம் சொல்வேன். அசெம்பிளியில் எனக்குக் கைதட்டினார்கள்.

சித்ரா மூன்றாம் வகுப்பு. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாள். இரண்டாவது வளைவில் அதையும் மீறி வாந்தி வரும். கப்பைக்கிழங்கு, மீன்குழம்பு, பால் விடாத கட்டன் காப்பி. ஒருமுறை என் ஷூவில். ஒருமுறை என் சோற்றுப் பையில். சட்டைக் கையால் வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"தெரியாம வந்துட்டுண்ணே."

"ஜினோவுக்கு ரெண்டாவது ஞானஸ்நானம் ஆயிட்டுலே" என்பார் சுடலைமணி அண்ணன். ஜீப்பே சிரிக்கும். பையை எத்தனை முறை துவைத்தாலும் புளித்த கப்பையும் எலுமிச்சையும் மணக்கும். மதியம் என்னால் சாப்பிட முடியாது.

அவளை நான் அடித்ததில்லை. திட்டியதுகூட இல்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல. வெப்சைட்டில் ஒரு வரி சேர்த்தேன். மற்றவர்களின் முறை நின்றது. தினமும் சித்ராதான் இரண்டாவது டிரிப். தங்களுக்கு முறை வரவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

எப்போதாவது என்றால் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு நிற்கலாம். தினமும் யார் நிற்பது? அவள் அம்மா அழகுத்தாய் அக்கா கொழுந்து எடுக்கிறவர். பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பெயர் விழாது, கூலியும் கிடையாது. பிள்ளையை வளைவில் நிறுத்திவிட்டு ஓடுவார். ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, எங்க புள்ளைக்கு மட்டும் தெனமும் ரெண்டாவது வண்டியா வருதே. கொஞ்சம் பாரேன்."

"கம்ப்யூட்டர் ஆள் பாத்துப் போடாதுக்கா."

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். ஓரவஞ்சன பண்ண அது என்ன மனுசனா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது நடந்த அன்று காலை நல்ல மஞ்சு மூட்டம். சித்ரா வளைவில் தனியாக நின்றாள். சுடலைமணி அண்ணன் வண்டியை எடுக்கவில்லை.

"பிஞ்சுப் புள்ளலே. யாரு மடியிலயாவது இருந்துட்டுப் போகட்டும்."

கதவோரம் உட்கார்ந்திருந்தது நான். என் மடிதான். அபராதம் போட்டால் யார் கட்டுவது என்று கேட்டேன். அவர் வண்டியை எடுத்தார். அவள் எங்களுக்குக் கையாட்டினாள்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் போன் அதிர்ந்தது. ஒற்றையானை, எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலைக்குள். திரும்பிப் போயிருக்கலாம். போனால் அவளை ஏற்ற வேண்டும். போனைப் பையில் வைத்துக்கொண்டேன். யானை வழக்கமாக வருவதுதான். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

சித்ராவின் அடக்கத்தன்று அழகுத்தாய் அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒன்னால ஆனத நீ செஞ்ச தம்பி" என்றார். பிள்ளையின் கையிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழத்தை அவர் கீழே வைக்கவே இல்லை. குழாயடிக்குப் போய் அந்த வாசம் போகும்வரை கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

யானையை நான் அனுப்பவில்லை, சார். செய்தி வந்தது, படித்தேன், சொல்லவில்லை. அந்த வரியை எழுதியதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெப்சைட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். மற்றப் பிள்ளைகள் பாவம். அந்த வரியை நானே எடுத்துவிட்டேன். முறைகூட இனித் தேவையில்லை. முதல் டிரிப்பிலேயே எல்லோருக்கும் இடம் இருக்கிறது.