சைன் பட்டியலில் ஒரு தப்பு

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் டியூஷன் சென்டர் கணக்கு டீச்சர்கள் இருவர்.

"ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தின கோணக் கணக்கு சைன் பட்டியல்ல தப்பு கண்டுபிடிச்சேன்க்கா."

"உனக்கு எதுக்குலா அது?"

"புதுசா வந்த டீச்சர் அதை எழுதிச் சுவர்ல ஒட்டிட்டா. பேரண்ட்ஸ் எல்லாம் நின்னு போட்டோ எடுக்கிறாங்க. நான் ஒட்டின சார்ட்டை எவன் பார்த்தான்?"

"என்ன தப்பு?"

"அந்தக் காலத்து ஆரத்தால பெருக்கி, முதல் கோணத்துக்குப் போட்டிருக்கிற எண்ணு இருநூத்து இருபத்தஞ்சு. எனக்கு இருநூத்து ஏழுதான் வந்துச்சு. எல்லார் காதுலயும் விழுற மாதிரி அவகிட்ட சொன்னேன். 'பார்க்கிறேன்க்கா'ன்னா."

"பார்த்தாளா?"

"பார்த்து என் தப்பைக் கண்டுபிடிச்சுட்டா. முதல் கோணம் மூணு டிகிரி நாப்பத்தஞ்சு நிமிஷம், அத நான் கல்குலேட்டர்ல மூணு புள்ளி நாலு அஞ்சுன்னு தட்டியிருக்கேன். அறுபது நிமிஷம்தானே ஒரு டிகிரி, அது மூணே முக்கால்லா!"

"ஐயோ. சிரிச்சாளா?"

"சிரிச்சிருந்தா பரவால்ல. எல்லாரும் போனப்புறம் என் காதுல மட்டும் சொன்னா. அதுதான்க்கா வயிறு எரியுது."