விளக்குக்காக விட்ட சாவி

பெயர் ப்ரீதி, கணவர் பெயர் அச்சுதன், வயது நாற்பத்தாறு. ஹடப்சரில் பவர் சப்ளை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பிரிவில் பொறியாளராக வேலை செய்கிறேன். முகவரி: பி கட்டடம், நீல்தாரா ஹவுசிங் சொசைட்டி, வானவடி, புனே. மராத்தி பேசுவேன், ஆனால் பிழையில்லாமல் எழுத வராது. ஆகவே அதிகாரியின் அனுமதியுடன் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

சம்பவம் நடந்த அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கீழே பார்க்கிங்குக்குப் போய், சொசைட்டியின் பேட்டரி வண்டியில் சீட்டுக்கு அடியில் இருந்த கன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள்தான் அதை நான் பொருத்தியிருந்தேன். சாவி எடுத்து நிறுத்திய வண்டியில் அது குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்துதான் இருந்தது.

இந்த வண்டி கோல்ஃப் மைதானங்களில் ஓடும் வகையைச் சேர்ந்தது. கேட்டிலிருந்து கட்டடங்கள் வரை முதியவர்களை ஏற்றிச் செல்ல வாங்கியது. ஓடும்போது சத்தம் வராது. ஜலீல் என்பவர் இதன் டிரைவர். கோந்த்வாவில் குடியிருக்கும் தமிழர், என்னை அக்கா என்று அழைப்பவர். இந்த வருடம் ஐந்தாம் நாள் கணபதியைக் கரைக்க இந்த வண்டியிலேயே ஊர்வலமாகக் கொண்டுபோவதென்று கமிட்டி முடிவு செய்து, விளக்கும் ஸ்பீக்கரும் பொருத்தித் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். வண்டியின் பேட்டரிகள் சேர்ந்து தருவது நாற்பத்தெட்டு வோல்ட். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் வேண்டியது பன்னிரண்டு. ஆகவே இடையில் ஒரு கன்வெர்ட்டர் வைத்து, ப்ளஸ் வயரில் ஃப்யூஸ் போட்டு, சாவி திருப்பினால் மட்டுமே கன்வெர்ட்டர் வேலை செய்யும்படி சாவி சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய வயர் கொடுத்தேன். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பேட்டரி காலியாகும் என்பதே காரணம். கன்வெர்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஒரு வயரும் போகவில்லை. வண்டி இப்போது காவல் நிலைய வளாகத்தில் நிற்பதால் யாரை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம்.

வேலை முடிந்து விளக்கு எரிந்தபோது ஜலீல், "அக்கா, இனிமே வெளக்கும் எரியும், பாட்டும் பாடும். இந்த வண்டிக்கே ஒரு பொண்ணு பாத்துடலாம்" என்று சொன்னார். பக்கத்தில் நின்ற தேஜஸ்வினியும் சிரித்தார். தேஜஸ்வினி எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் குடியிருந்தவர், வயது முப்பத்தைந்து. எனக்குத் தோழி.

மறுநாள், அதாவது சம்பவ நாளன்று, பிற்பகல் கணபதியை வண்டியின் பின்பகுதியில் ஏற்றினார்கள். வண்டியில் ஏறும் முன் ஜலீல் செருப்பைக் கேட்டுக்கு அருகே கழற்றிவிட்டு வந்தார். வண்டியின் முன்பக்கம் முழுவதும் செவ்வந்திச் சரங்களைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்ததால், ஓட்டுபவர் ஓரமாகத் தலையை நீட்டித்தான் பார்க்க முடிந்தது. பார்க்கிங்கின் கோடியில் சிலையைக் கரைக்கச் செங்கல் சுவர் எழுப்பிக் கட்டியிருந்த தொட்டிக்கு எதிரே, சுமார் இரண்டு ஆள் இடைவெளி விட்டு, ஜலீல் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எப்போது நிறுத்தினாலும் அப்படிச் செய்வது அவர் வழக்கம். உடனே சிலைக்கு முன்னிருந்த விளக்கு அணைந்தது.

என் கணவர் அச்சுதன் விழாக் கமிட்டியில் இருக்கிறார். அவர், "அரே ஜலீல், சாமி முன்னாடி இருட்டாக்கறியே, திமாக் இருக்கா உனக்கு? ஆரத்தி முடியற வரைக்கும் வெளக்கு அணையக் கூடாது" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார். ஜலீல் சாவியை மறுபடி போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சாவிய விட்டுட்டு எறங்க மாட்டேன் அக்கா. எடுத்தா வெளக்கு போவுது, அண்ணன் கத்துறாரு. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அதற்கு நான், "சாவி இருக்கட்டும், நியூட்ரல்ல போட்டு பிரேக்கை அழுத்தி வைங்க" என்றேன். அவர் அப்படியே லீவரை நியூட்ரலில் வைத்ததையும், நிறுத்து பிரேக்கை மிதித்துப் பூட்டியதையும் நான் கண்ணால் பார்த்தேன். நியூட்ரலில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி நகராது. சாவியை விடச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு சிலையை இறக்கப் பலகை எடுத்து வரும்படி கமிட்டித் தலைவர் சந்திரமௌலி ஜலீலை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார். நான் கழன்றிருந்த ஸ்பீக்கர் வயரைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டை ஒட்டி நின்றேன். தேஜஸ்வினி வண்டிக்கும் தொட்டிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, சாமிக்குச் சாத்திக் கழித்த பூக்களைப் போடும் நிர்மாலியக் கூடையிலிருந்த மாலைகளின் நூலையும் ஜரிகையையும் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். நூல் தண்ணீரில் போகக் கூடாது என்று அவர் ஒவ்வொரு வருடமும் அந்த வேலையைச் செய்வார். வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். டோல் தாஷா மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிலையைப் பார்த்து ஆரத்தி பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அச்சுதன், "இன்னும் ரெண்டடி முன்னால வந்தா தூக்க ஈஸியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். லீவரை முன்பக்கம் தள்ளினார். நான் "இருங்க" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பிரேக் பூட்டு தானாக விடுபட்டு வண்டி சத்தமில்லாமல் முன்னால் போனது. தேஜஸ்வினி வண்டியின் முகப்புக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் சிக்கினார். அச்சுதன் குதித்து இறங்கினார். நான் கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை யாரும் சத்தம் போடவில்லை.

அதன் பிறகு பலர் சேர்ந்து வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். அச்சுதனும் தள்ளினார். தேஜஸ்வினியின் விரல்களில் ஒரு ஜரிகைத் துண்டு சுற்றியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார்கள். "டிரைவர் எங்கே?" என்று யாரோ கேட்டபோது ஜலீல் தோளில் பலகையுடன் வந்துகொண்டிருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் இங்க இல்லவே இல்லையே" என்று முதலில் இந்தியிலும் அதன் பிறகு என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார். பலகையைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை ஜலீல் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு அச்சுதன் வீட்டில் என்னிடம் பேசினார். கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை நான் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அதிகாரி விளக்கினார். ஆகவே அவர் பேசியதை எழுதவில்லை. பேசி முடித்ததும் அவர் சாப்பிட்ட தட்டையும் என் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் கமிட்டித் தலைவர் சந்திரமௌலி எங்கள் வீட்டுக்கு வந்தார். டிரைவர் சாவியை விட்டுவிட்டுப் போனதால் வண்டி தானாக நகர்ந்தது என்று கமிட்டி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். "நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம் ப்ரீதி. சாவி வண்டியில இருந்துது. டிரைவர் எடுக்கலை. ரெண்டும் நிஜந்தானே? இன்ஜினியர் நீ சொன்னா எடுபடும். அதோட நிறுத்திக்கோ" என்றார். நான், "வெளக்கு அணையக் கூடாதுன்னு விடச் சொன்னது யாரு மாமா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "அதையெல்லாம் யாரு கேக்கப்போறா? உனக்கு வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா. அதை மட்டும் யோசி" என்று சொல்லி, காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஜலீலின் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் சொசைட்டிக்கு வந்தார். வாட்ச்மேன் உள்ளே விடாததால் கேட்டுக்கு வெளியே நின்று, வேலைக்குக் கிளம்பிய என்னை நிறுத்தினார். "நீங்க கிட்டத்துலயே நின்னீங்களாமே அக்கா. நியூட்ரல்ல போட்டுட்டுத்தான் போனேன்னு அவரு சொல்றாரு. நீங்க பாத்தீங்களா? ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை போதும்" என்று கேட்டார். நான் அவரைத் தாண்டி நடந்தேன். ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

அதிகாரி கேட்டதற்கு: தோரணத் துணி மறைத்ததால் அந்த இடத்துக் கேமராவில் எதுவும் பதிவாகவில்லை என்று கமிட்டியினர் சொல்லிக் கேள்விப்பட்டேன். வேறு யாராவது பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் இதற்குள் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அதிகாரி மேலும் கேட்டதற்கு: எனக்கும் என் கணவருக்கும் எந்தத் தகராறும் கிடையாது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வண்டியை இரண்டடி நகர்த்த நினைத்தார். நடந்த பிறகு, வண்டியை ஓட்டியது தான்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று அவர்தான் என்னை ஸ்கூட்டரில் அழைத்துவந்தார். நான் சாவியைப் பற்றி மட்டும் சொல்வேன் என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மேலே எழுதியவை நானே கண்டதும் கேட்டதும் செய்ததும்தான். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதவில்லை. வாசித்துப் பார்த்தேன், திருத்த எதுவும் இல்லை. வழக்கு நடக்கும் நாளெல்லாம் அச்சுதனுடன் அதே வீட்டில்தான் இருப்பேன். ஒவ்வொரு விசாரணைக்கும் அவருடன் சேர்ந்தே வருவேன். என் பெயரைக் கூப்பிடும்போது கூண்டில் ஏறி, அவர் முகத்துக்கு நேராக, இதில் ஒரு வரியும் குறைக்காமல் சொல்வேன். இப்படி முடிவு செய்திருப்பதை அவரிடமோ, என் மகள் வைஷுவிடமோ, வேறு எவரிடமோ நான் இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ப்ரீதி அச்சுதன்