புகாரைத் திறந்தது யார்?

– டீயெல்லாம் வேண்டாம்ணே, கம்ப்யூட்டரைப் பாத்து சொல்லுங்க. நான் கொடுத்த புகாரை யார் யாரெல்லாம் திறக்க முடியும்?

– விசாரணைக் குழுவுல இருக்கற மூணு பேரு. வேற ஈ காக்கா நுழைய முடியாது தங்கச்சி. ஸ்கேன் பண்ணி ஏத்தி, பூட்டுப் போட்டதே நான்தானே.

– அப்ப கிடங்கு மேனேஜர் காலையில என் பேக்கிங் மேஜைக்கு வந்து, "மூணாம் பக்கத்துல தேதி தப்பா இருக்கேம்மா"ன்னு சிரிச்சாரே, அது எப்படி?

– புகாரே அவர் மேலதானே?

– ஆமா. பெல்ட் தேஞ்சிருக்குன்னு சொல்லியும் மெஷினை ஓட்ட வெச்சாரு. ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சு. என் பேரு வெளிய வராதுன்னு நம்பித்தான் எழுதினேன். நாளைக்கே என் சீட்டைக் கிழிச்சிடுவாருண்ணே. வீட்ல வேலைக்குப் போறது நான் ஒருத்திதான்.

– பொறு பொறு, பாக்கறேன்... அடக் கடவுளே.

– என்னண்ணே?

– குழுவுல இருக்கற மூணு பேரும் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல 'பாதுகாப்பு'ங்கற குரூப்புல இருந்தாங்க. தனித்தனியா சேர்க்கச் சோம்பல்பட்டு, அந்தக் குரூப்புக்கே புகாரைத் திறக்க அனுமதி கொடுத்துட்டேன். அதுக்குள்ள 'மேனேஜர்கள்'னு இன்னொரு குரூப்பை எவனோ எப்பவோ சொருகி வெச்சிருக்கான். அதுல அவரும் இருக்காரு.

– அப்ப கதவைத் திறந்து வெச்சது நீங்கதானா?

– நான்தாம்மா. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இந்தா, குரூப்பையே தூக்கிட்டேன். இனி மூணே பேரு, பேர் பேரா.

– வெள்ளம் வந்தப்புறம் அணை போட்டு என்ன பண்றது?

– பொறு பொறு. யார் எப்ப திறந்தாங்கன்னு பதிவு இருக்கும்... விசித்திரமா இருக்கே. அவர் இதைத் திறக்கவே இல்லை. மேனேஜருங்க ஒருத்தரும் தொடலை.

– அப்ப தேதி என்ன, அவர் கனவுலயா வந்துச்சு?

– குழுவுலயும் ரெண்டு பேர் இன்னும் பாக்கலை. ஒரே ஆளுதான் திறந்திருக்காங்க. நேத்து சாயங்காலம். ரெண்டு பிரதி அச்சு எடுத்திருக்காங்க.

– யாருண்ணே?

– குழுத் தலைவி. நம்ம பெரிய மேடம்.

– "பயப்படாம எழுதும்மா, நான் பாத்துக்கறேன்"னு என் கையில பேனாவைக் கொடுத்ததே அவங்கதாண்ணே.