குளத்தடிக் கலியாணம்

மலைப் பூங்காவுக்கு ஏறும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவருக்கும் அம்மாவுக்கும் அறுபது தாண்டியிருக்கும்.

"பிள்ளையளுக்குத் தெரியாமல் நாங்கள் கலியாணம் முடிக்கிறதெண்டா மறைவான இடம் வேணும். மலை உச்சியில நிக்கிற சிலுவையடி நல்லம்," என்றார் பெரியவர்.

"என்ர முழங்காலுக்கு அந்த ஏத்தம் சரிவராது," என்றார் அந்த அம்மா.

"அப்ப குளத்தடி. ஆனா ஞாயிற்றுக்கிழமையில உம்மட மகன் பேரப்பிள்ளையளோட அங்கதானே வாறவர்?"

"ஓம், வாறவன்."

"அப்ப சனிக்கிழமை வைப்பம்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அவனிட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆனா அவன் இல்லாமலும் மனம் வரேல்லை. ஞாயிற்றுக்கிழமையே வைப்பம். தானா வந்து காணட்டும்."

பெரியவர் தலையைத் தடவினார்.

"அப்ப நான் தலைமயிர் வெட்டிக்கொண்டு வரோணும்."