மாற்றாமல் விட்ட கிழமை

தெரியும். அவருக்குத் தெரியும்.

வாசலில் ஒருவர் மெல்ல என்னிடம் கேட்டார். அவர் கேட்டதை நீங்கள் எல்லோரும் இந்த ஏழு நாளும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் மேடை ஏறியதும் முதலில் அதற்கே பதில் சொல்கிறேன். அந்தச் செவிலியர் பிடிபட்டது நம் புத்தகத்தால்தான். அது சயாமாவுக்குத் தெரியும். தெரிந்தபடியேதான் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

ஏழாம் நாள் தானத்தை ஏற்று இங்கே எழுந்தருளியிருக்கும் பிக்கு அவர்களே, ரங்கூனிலிருந்து சயாமாவோடு அச்சு எழுத்துகளைச் சுமந்துவந்த மூத்தவர் ஊ சான் லின் அவர்களே, பர்மாவிலிருந்து ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் இந்த மே சொட் ஊருக்கு வந்து சேர்ந்தவர்களே, கடக்க முடியாமல் அக்கரையில் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் ஆசிரியை, நம் பதிப்பாசிரியர், சயாமா டோ யீ மோன் அவர்கள் இன்று நம்மோடு இல்லை. இதயம் நின்றது என்று மருத்துவர் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை.

அவரைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன்.

தணிக்கை இருந்த காலத்தில், அவர் பதிப்பித்த வரலாற்று நூலில் ஒரு பத்திக்கு மை பூசச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாப் பிரதியிலும். ஊ சான் லின் கொதித்துப்போனார். சயாமா தூரிகையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"என்ன சயாமா, இப்படி அமைதியா பூசுறீங்க?"

"நல்லாக் கறுப்பாப் பூசுய்யா. கடையில எடுத்ததும் எல்லாரும் இந்தப் பக்கத்தைத்தான் முதல்ல திருப்புவாங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் படிச்சிடுவாங்க. அரசாங்கமே பாத்து அடிக்கோடு போட்டுக் குடுக்குது, வேணாம்னா சொல்றது?"

ஊ சான் லின் சிரிக்கிறார். சிரியுங்கள். அவருக்கு அது பிடிக்கும்.

நம் வரலாற்றில் யாருக்குப் பெயர் இருக்கிறது? அரசர்களுக்கு இருக்கிறது. தளபதிகளுக்கு இருக்கிறது. படைக்குச் சுமை தூக்கப் பிடித்துக்கொண்டு போனார்களே, மலைப்பாதையில் விட்டுவிட்டு வந்தார்களே, அந்தச் சுமைதூக்கிகளுக்கு? "சிலர்" என்று இருக்கும். "பலர்" என்று இருக்கும். சயாமா எந்தக் கைப்பிரதியிலும் "பலர்" என்ற சொல்லைக் கண்டால் வட்டமிட்டு, ஓரத்தில் "யார்?" என்று எழுதுவார். என் முதல் கட்டுரையில் ஒரு பக்கம் முழுக்க வட்டங்கள். பல்கலைக்கழகத்தில் பரிசு வாங்கிய கட்டுரை அது.

சாட்சிகளின் நூல் அப்படித்தான் தொடங்கியது. கைதானவர்கள், அடிபட்டவர்கள், பார்த்தவர்கள். அவரவர் வாயால். பெயர்களை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. உயிர் அல்லவா! ஊரை மாற்றினார். வயதை மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

கிழமை.

திங்களில் பிறந்தவருக்குத் திங்கள் எழுத்தில் தொடங்கும் பெயர், சனியில் பிறந்தவருக்குச் சனி எழுத்தில். நாம் எல்லோரும் அப்படித்தான் பெயர் பெற்றோம். பொய்ப் பெயரிலும் சயாமா அந்த எழுத்தை விடவில்லை. நான் கேட்டேன்.

"பேரே பொய்தானே சயாமா, முதல் எழுத்து எப்படி இருந்தா என்ன?"

"பேரு சட்டை மாதிரிம்மா. கிழமை அப்படியா? அதை எடுத்துட்டா, யாரோ ஒருத்தி பேசுற மாதிரி ஆயிடும். நாளைக்கு இவங்க புண்ணியத்துக்குத் தானம் குடுத்தா யாருக்குப் போய்ச் சேரும்?"

சாட்சிகளும் அதையே கேட்டார்கள். நூலில் நந்தார் என்று வரும் செவிலியர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "என்ன பேரு வேணும்னாலும் வைங்க. சனிக்கிழமைப் பேரா வைங்க, அது போதும்."

நாங்கள் எல்லோரும் என்ன சொன்னோம்? அழகு என்றோம். எவ்வளவு அழகான மரியாதை என்றோம். அழகு!

நந்தார் தன் மருத்துவமனையில் பார்த்ததைச் சொல்லியிருந்தார். காயம்பட்டுக் கிடந்த ஒருவரைப் படையினர் கட்டிலிலிருந்து இழுத்துப்போனதை. கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயோடு. அன்று அந்த வார்டில் வேலை பார்த்தவர்கள் யார் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். யார் பேசியது என்பதுதான் தெரியாது. நந்தார் என்பது சனி எழுத்துப் பெயர். அந்த வார்டில் சனிக்கிழமை பிறந்தவர் ஒருவர்தான்.

நம் புத்தகத்தை நம்மைப் போலவே படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அம்மாக்கள் அப்படித்தானே பெயர் வைத்திருப்பார்கள்? நாம் அதை ஏன் நினைக்கவில்லை?

ஏன் நினைக்கவில்லை?

நந்தார் பிடிபட்ட செய்தி வந்த பிறகு சயாமா வாரந்தோறும் பகோடாவுக்குப் போவார். அவர் புதனில் பிறந்தவர். அவரவர் பிறந்த கிழமையின் மூலையில், அவருக்கென்றால் யானைச் சிலைக்கு, தண்ணீர் ஊற்ற வேண்டும். சனியின் மூலைக்குப் போய், நாகத்தின் தலையில் ஊற்றுவார். பூ விற்கும் அம்மாள் இதைக் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, பொறந்த கிழமையே மறந்துபோச்சா? உங்க யானை அந்தப் பக்கம் நிக்குது. கோவிச்சுக்கப் போவுது."

"கோவிச்சுக்கட்டும்."

"வயசானா எல்லாம் தலைகீழாத்தான் போவும்" என்று அவர் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சயாமாவுக்கும் கேட்டிருக்கும். இன்னொரு குவளை மொண்டு ஊற்றினார்.

இனி சொல்லப்போவதற்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். நந்தாரின் அக்கா இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். "சொல்லிக்கோ. ஆனா என்னப் பாத்துச் சொல்லாத" என்றார். நீங்களும் திரும்பித் தேடாதீர்கள். தயவுசெய்து.

சென்ற மாதம் அவர் சிறையில் தங்கையைப் பார்த்துவிட்டு, ஆற்றைக் கடந்து, நேரே சயாமாவின் அறைக்கு வந்தார். செருப்போடு உள்ளே வந்தார். நம்மில் யார் அப்படி ஒரு வீட்டுக்குள் வருவோம்? நான் தேநீர் ஊற்றினேன்.

"டீயெல்லாம் வேணாம். நான் சண்டை போட வந்திருக்கேன்."

"உக்காந்து போடும்மா" என்றார் சயாமா.

அக்கா உட்காரவில்லை.

"ஊரை மாத்தினீங்க. வயச மாத்தினீங்க. கல்யாணமே ஆவாதவளுக்கு ரெண்டு புள்ளயக் குடுத்தீங்க. கிழமைய மாத்த மட்டும் உங்களுக்குக் கை வரலையா?"

"அவ அதை மட்டும் கேட்டுக்கிட்டாம்மா."

"அவ கேப்பா! சின்னதுல ஆத்துத் தண்ணில தெரியுற நெலாவக்கூட எடுத்துத் தான்னு கேட்டா. எங்கம்மா எடுத்தா குடுத்துச்சு? நீங்க பெரியவங்கதானே? வேணாம்னு சொல்றதுக்குத்தானே பெரியவங்க?"

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவள விசாரிச்சவன் உங்க புத்தகத்த மேசையில வெச்சிக்கிட்டுச் சிரிச்சானாம். 'உங்க டீச்சரம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லணும், எங்க வேலையில பாதிய முடிச்சுக் குடுத்திருக்காங்க'ன்னானாம்."

சயாமா எழுந்தார். அலமாரியில் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தி வைத்திருந்த தாள்கள் இருந்தன. அவற்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் இனிமே இந்த வேலையத் தொடக் கூடாது. இதெல்லாத்தையும் இன்னிக்கே எரிச்சிடறேன்."

"எரிப்பீங்களா?" அக்காவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவ உள்ள கெடப்பா, நீங்க வெளிய எரிச்சிட்டு நிம்மதியாத் தூங்குவீங்களா? பாத்துட்டு வரேனே, அவ மொதல்ல என்ன கேட்டா தெரியுமா? அம்மா எப்படி இருக்குன்னு கேக்கல. புத்தகம் மறுபடி வருதான்னு கேட்டா. கிறுக்கி!"

பிறகு அக்கா, மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல, தங்கை சொல்லி அனுப்பியதைச் சொன்னார்.

"'என் கிழமைய அப்படியே விடச் சொல்லு. அது அவங்க கையில போயிடுச்சு, இனிமே ஒளிக்க ஒண்ணுமில்ல. மத்தவங்களோடத மாத்தச் சொல்லு. ஒருத்தர் விடாம மாத்தச் சொல்லு.' இதான் சொன்னா. சொல்லிட்டேன். நான் வரேன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, நின்றபடியே, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் உறுதிமொழி எடுக்க வேண்டும். சயாமாவின் பணியைத் தொடர்வோம் என்று நான் சொல்ல, நீங்கள் கை உயர்த்த வேண்டும். அப்படித்தான் வழக்கம். என்னால் அதை அப்படி உரக்கச் சொல்ல முடியவில்லை. தொடர்வோம் என்றால், யார் கழுத்தை முன்னால் வைத்து? நாம் இக்கரையில் இருக்கிறோம். இங்கே சாப்பிட நம் ஊர் மோஹிங்கா கிடைக்கிறது. மாலையில் ஆற்றங்கரையில் நடக்கிறோம். பேசியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அதனால் சிறிதாகச் சொல்கிறேன். இரண்டாம் பதிப்பு வரும். சயாமா முடிக்காமல் விட்ட பக்கங்களை ஊ சான் லினும் நானும் முடிப்போம். ஒவ்வொரு சாட்சியையும் மறுபடி கேட்போம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், நூல் மெலிந்து போகட்டும், எடுத்துவிடுவோம். ஒருவர் அழகான ஒன்றைக் கேட்டால், முடியாது என்று சொல்லப் பழகுவோம். இதற்குச் சம்மதம் என்றால் கை உயர்த்துங்கள். சம்மதம் இல்லாதவர்கள் உயர்த்த வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

சயாமா டோ யீ மோன் அவர்களே, இன்றைய தானத்தின் புண்ணியம் உங்களுக்குச் சேரட்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெயர் சொல்ல முடியாத அந்தப் பெண்ணுக்கும் சேரட்டும். நன்றே ஆகட்டும். சாது, சாது, சாது.

அன்று அக்கா போன பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லி இறங்கிவிடுகிறேன். சயாமா தாள்களை எரிக்கவில்லை. அக்காவின் செருப்பு தரையில் விட்டுப்போன மண்ணை ஈரத்துணியால் துடைத்தார். அரிசி களைந்து உலையில் போட்டார். அது வேகும்வரை கை கட்டி நின்றார். பிறகு மேசைக்கு வந்து, கண்ணாடியை மாட்டி, முதல் சாட்சியின் பக்கத்தை எடுத்தார். செவ்வாயில் பிறந்த ஒரு மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பெயர் ஒன்றை எழுதினார். அடுத்த பக்கத்தை எடுத்தார்.