மூணுவிரல் மாஸ்டரின் கை தவறவில்லை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவரே, எனக்கு முன் பேசிக் கண்கலங்க வைத்த சங்கச் செயலாளரே, அனலோடு அனலாய் நின்று அடுத்தவர் பசி தீர்க்கும் கிரில் மாஸ்டர்களே, அவர்களை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், எனக்குத் தங்கச்சியான மாஸ்டரின் மனைவியே! எல்லோருக்கும் இந்த உப்புக்காரியின் வணக்கம்.

கைதட்டாதீர்கள். நான் பேசி முடித்த பிறகு உங்களுக்குத் தட்டத் தோன்றாது.

கடலோரப் பாத்தியில் இருபத்தாறு ஆண்டுகளாக உப்பு எடுப்பவள் நான். மூட்டை மூட்டையாய் வாரும் கல்லுப்பு அல்ல. காற்றடங்கிய வெயிலில், பாத்தி நீரின் மேல் பாலாடைபோல் படருமே மெல்லிய சில்லு உப்பு, அதை உடையாமல், உதிராமல், பலகையால் ஒதுக்கிப் பக்குவமாய் எடுப்பவள். அந்த உப்பைத்தான் மூணுவிரல் மாஸ்டர் பதினான்கு ஆண்டுகள் வாங்கினான். அவன் இவன் என்கிறேனே என்று கோபிக்காதீர்கள். உங்களுக்கு மாஸ்டர், எனக்குத் தம்பி.

அவன் உப்புத் தூவும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? கறியைக் கம்பியிலிருந்து இறக்குவான், ஆறவிடுவான், அறுப்பான். அதன் பிறகே மூன்று விரலால் உப்பெடுத்து முழங்கை உயரத்திலிருந்து தூவுவான். பல்லில் பட்டதும் உப்பு நறுக்கென்று உடையும், பின்னாலேயே கறியின் சாறு இறங்கும். ஒரு நாளாவது கூட்டினானா? இல்லை. குறைத்தானா? இல்லை. கடைசி இரண்டு ஆண்டுகளில் ருசியாவது பார்த்தானா? அதுவும் இல்லை!

ஏன் இல்லை? இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சல் அவன் நாக்கின் ருசியை அடியோடு வாரிக்கொண்டு போனது. அதை அறிந்தவர்கள் இருவர். ஒருத்தி அவன் மனைவி, மற்றொருத்தி நான். என் பாத்தி வரப்பில் உட்கார்ந்து சொன்னான்: "நாக்கு செத்துப்போச்சுக்கா. ஆனா விரலுக்கு ஞாபகம் இருக்கு. உன் உப்பு மாறாத வரைக்கும் என் கையும் மாறாது."

"நான் இருக்கேன்டா, பயப்படாதே" என்றேன். வாய்கிழியச் சொன்னேன். செய்தேனா?

அவன் பெயர் கெட்டுப்போன அந்த விடுமுறை நாளுக்கு முந்தைய வாரம் முழுவதும் தூறல். தூறல் விழுந்தால் சில்லு கரைந்துவிடும். "இந்த வாரம் இல்லடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனிடம் இல்லை என்று சொன்னதே இல்லை என்ற வீம்பு எனக்கு! கொட்டகையில் கிடந்த கல்லுப்பை இடித்தேன், சலித்தேன், அதே பையில், அதே முடிச்சுப் போட்டு அனுப்பினேன். அவன் என் முடிச்சைப் பார்த்து நம்பினான். கண்ணுக்குத் தெரிய வேண்டியதைப் புகையும், விரலுக்குத் தெரிய வேண்டியதைக் கையுறையும் மறைத்துவிட்டன.

இதோ, தராசு கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் தட்டில் ஒரு கரண்டி சில்லு. அந்தத் தட்டில் அதே கரண்டியால் இடித்த உப்பு. பின்வரிசைக்காரர்களே, எழுந்து நின்று பாருங்கள்! எந்தப் பக்கம் தாழ்கிறது? சில்லுக்கு நடுவே காற்று இருக்கும், பொடிக்கு நடுவே பொடிதான் இருக்கும். அதே மூன்று விரல், ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு.

அன்று மதியம் கடை கொள்ளாத கூட்டம். ஒன்பது தட்டுகள் திரும்பி வந்தன. "என்ன மாஸ்டர், வாயில வச்சுப் பாத்தீங்களா?" என்று முதலாளி கேட்டார். அத்தனை பேர் முன்னால் ஒரு துண்டை மென்றுவிட்டு, "சரியாத்தானே இருக்கு" என்றான் என் தம்பி. கடையே சிரித்தது. "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்றது ஒரு குரல். அன்று கழற்றிய ஏப்ரனை அவன் மறுபடி கட்டவே இல்லை. நாலாம் மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவன் தெருமுனை வரை போனேன், துணிவில்லாமல் திரும்பினேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்றார் செயலாளர். ஐயா, யானைக்கு அடி சறுக்கவில்லை! அது நடந்த வழியில் எண்ணெய் ஊற்றியவள் நான்! அவன் குடிக்கவில்லை. அவனுக்குத் திமிர் இல்லை. அவன் கை தவறவில்லை. தவறியது என் நாக்கு, நல்ல ருசி தெரிந்த என் நாக்கு!

என்ன தங்கச்சி? எழுந்து நிற்கிறாயே? சொல்லம்மா.

…

அவள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். நானே சொல்கிறேன். "அவருக்குத் தெரியும்க்கா. மறுநாளே அந்தப் பையை எடுத்துட்டு வரச்சொல்லித் தடவிப் பாத்துட்டாரு. அக்கா பேரை யார்கிட்டயும் எடுக்காதே, அவளே வந்து சொல்லுவான்னாரு. நாலு மாசமும் வாசலப் பாத்துதான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு."

…தண்ணீர் வேண்டாம் ஐயா. பேசிவிடுகிறேன்.

நாளை முதல் எந்தக் கடையில், எந்த அடுப்படியில் எவர் அவனைக் குடிகாரன் என்றாலும், இந்த உப்புக்காரியைக் கைகாட்டுங்கள். அதற்காகத்தான் மேடை ஏறினேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பெரியோர்க்கும் தாய்மார்க்கும் வணக்கம்.

மாலை போட்ட படத்துக்குள் இருக்கிற தம்பி, உனக்கும் வணக்கம். வந்துட்டேன்டா.